ஆறாவது துளை

தம்பி, அந்தப் போன்ல ஓடறதக் கொஞ்சம் கொறைச்சு வெச்சுக்கறீங்களா? நிறுத்த வேண்டாமுங்க, கொறைச்சாப் போதும். வேற எந்தச் சத்தம்னாலும் எனக்கொண்ணும் இல்ல. தவில் போடுங்க, பறை போடுங்க, கேட்டுட்டே வருவேன். குழல் சத்தம்னா மட்டும் இந்த எடத்துல, நெஞ்சுக்குழிக்குக் கொஞ்சம் மேல, ஒரு பிடி புடிச்சுக்குதுங்க. டாக்டர்கிட்டக் காட்டியாச்சு. கேஸ் ட்ரபிள்ங்கறார்.

கோயமுத்தூருக்குத்தானே போறீங்க? நானும் அங்கதான். எம் புள்ள அங்க வேலை பாக்குது. பேசிட்டு வரலாம்னு போறேன். போன்ல பேசுனா எடுக்கறதில்ல, எடுத்தாலும் ரெண்டு வார்த்தைதான். செரி, நேர்ல போனாத் தொரத்தியா உட்ருவா?

நான் ஈரோட்டுல மோட்டார் காயில் கட்டற பட்டறை வெச்சிருக்கேனுங்க. போர் மோட்டார், கிரைண்டர், தறி மோட்டார், எதுன்னாலும் எரிஞ்சு போச்சுன்னு கொண்டாந்து எறக்குனா, மூடியக் கழட்டறதுக்கு முன்னாலயே மோந்து பாத்துச் சொல்லிருவேன் எங்க போயிருக்குதுன்னு. அதை எதுக்குச் சொல்றேன்னா, நான் ஒரு பொருளைப் புரிஞ்சுக்காமப் பேசற ஆளு இல்லீங்க. குழலையும் அப்படித்தான். எனக்கு ஊதத் தெரியாது. ஆனா அந்தக் குழலைப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல.

எம் பொண்டாட்டி பேரு தமயந்தி. எங்க புள்ள இலக்கியா திருச்சியில ஆஸ்டல்ல சேந்து படிக்கப் போனதும் வீடு வெறிச்சுன்னு ஆயிப்போச்சு. மாடிய நிவேதான்னு ஒரு புள்ளைக்கு வாடகைக்கு உட்டிருந்தோம். பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சரு. தனியாளு, இவளை விடப் பதினஞ்சு வயசு சின்னவ இருப்பா. சாயங்காலமானா குழல் ஊதும். தமயந்தி துணி எடுக்கப் போறேன்னு போவா, எடுத்த துணியத் தோள்ல போட்டுட்டு மாடிப்படியிலயே நின்னுட்டிருப்பா. காப்பிக்கு நான் கீழ உக்காந்திருப்பேன்.

ஒரு நாள் கேட்டா. "ஏனுங்க, நானும் இதைக் கத்துக்கட்டுங்களா?"

வேற ஆம்பளையா இருந்தா, நாப்பது வயசுக்கு மேல உனக்கெதுக்கு இதெல்லாம்னு கேட்டிருப்பான். நான் கேக்கலைங்க. அடுத்த நாளே நானே போயி குழல் வாங்கிட்டு வந்தேன். கடையில இருந்ததுல பெரிய குழலாப் பாத்து எடுத்தேன். அதையும் நீங்க மனசுல வெச்சுக்கணும்.

அதுல விரல் வெக்கறது இருக்குதே, ஒரு கணக்குங்க அது. பாக்கறதுக்கு எட்டுத் துளை. ஊதற துளை தனி. எட்டாவது துளைக்கு விரலே கெடையாது, சும்மா தொறந்தே கெடக்குது. எதுக்குடா வெச்சான்னு நான் நிவேதாகிட்டக் கேட்டேன், அந்தப் புள்ள சிரிச்சுது. சா-ங்கறதுக்கு மொத ரெண்டு துளையை மூடணும். ரி-க்கு ஒண்ணு. கா-வுக்கு எல்லா விரலையும் தூக்கிறணும், குழல் கட்டவிரல்லயும் ஒதட்டுலயும்தான் நிக்கும். அதுக்கு அடுத்தது மா. அங்கதான் பாதிப் பேரு உட்டுட்டு ஓடறதாமாம். ஏன்னா கா-வுல எல்லாந் தொறந்து கெடந்த கை, மா-வுக்கு மொதத் துளையை மட்டும் உட்டுட்டு மிச்சம் அத்தனையும் ஒரே நேரத்துல டப்புன்னு உழுகணும். ஒரு விரல் பிந்துனாலும் கீச்சுன்னு கத்தும்.

இவ விடலைங்க. பூரிக்கட்டையப் புடிச்சுட்டு விரல் பழகுவா. குக்கர் விசிலுக்கு நிக்கற நேரத்துல கரண்டிக் காம்புல பழகுவா. ஒரு நாள் தூக்கத்துல எம் முழங்கையப் புடிச்சுட்டு விரலைத் தூக்கித் தூக்கி வெக்கறா. நான் அசையாமப் படுத்திருந்தேன். அப்பெல்லாம் ஒரே கட்டில்தானுங்க.

மா வந்துருச்சு. கொஞ்சம் காத்தடிச்சாப்பலதான் வந்துச்சு, புதுசுக்கு அப்படித்தான் இருக்கும்னு நிவேதா உட்ருச்சு. மேல போறதுக்கு விரல் அதேதாங்க, காத்தைத்தான் மெல்லிசாக்கி வேகமா உடணும். அதுலயும் இவ கெட்டிக்காரி, உச்சியில போயி நிப்பா. நாய்க நிமிந்து பாக்கும். கீழ போறதுதான் வேற கதை. கீழ எறங்க எறங்க ஒவ்வொரு விரலா மூடிட்டே வரணும். ஆறு துளையையும் மூடிட்டு, சூடான பால் மேல ஊதறாப்பல மெதுவ்வா ஊதுனா, அடி சுரம் வரும். அதுக்கும் கீழ ஏழாவதை மூடி ஒரு எட்டுப் போவாங்களாம், இவளுக்கு அங்க வரைக்கும் சொல்லித்தரல. அந்த ஆறாவதே வரலியே!

மூடுவா, ஊதுவா. புஸ்ஸுன்னு போகும். இல்லீன்னா கீச்சுன்னு மேல தாவிக்கும்.

"அக்கா, கடைசி விரல் மூடலீங்க."

"மூடியிருக்கறேன் நிவி."

"மோதிர விரலுங்க்கா. பாருங்க, தூக்கிட்டு இருக்குது."

"வெச்சிருக்கறேன்னு சொல்றேன்ல!"

இது தெனமும் நடக்கும். நான் கீழ இருந்து கேட்டுட்டிருப்பேன். எம் பொண்டாட்டி பொய் சொல்ல மாட்டாங்க. மூடியிருக்கறேன்னா மூடியிருக்கறா. அப்பக் கோளாறு எங்க? குழல்ல. இல்லீன்னா சொல்லித்தரவங்ககிட்ட. வேற எங்க இருக்க முடியும், நீங்களே சொல்லுங்க.

வெர்னியர் எடுத்து அளந்தேன். உள் விட்டம், துளைக்குத் துளை தூரம், எல்லாம். ஆறாவது துளை கொஞ்சம் கோணலா இருந்தாப்பல எனக்குப் பட்டுச்சு. கடைக்காரங்கிட்டச் சண்டை போட்டு வேற குழல் வாங்கியாந்தேன். அதுலயும் புஸ்ஸு. நிவேதா அதே குழலை வாங்கி ஊதுது, கெணத்துக்குள்ள இருந்து வராப்பல அடி சுரம் கும்முன்னு வருது. எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. இந்தப் புள்ள ஏதோ சூட்சுமத்தைச் சொல்லித்தராம ஒளிச்சு வெச்சிருக்குதுன்னு நெனச்சேன். மாடிப்படியில நிறுத்திக் கேட்டும்போட்டேன்.

"ஏம்மிணி, உனக்கு வருது, அவளுக்கு வரலைன்னா, நீ சொல்லித்தர லட்சணம் அப்படி இருக்குதுன்னு அர்த்தமா?"

அந்தப் புள்ள, "அண்ணா, அக்காவை ஒரு டாக்டர்கிட்டக் காட்டுங்கண்ணா"ன்னுச்சு. குழல் ஊத வரலைன்னா டாக்டருங்களா? எனக்குச் சுர்ருன்னு வந்துருச்சு. "உன் சோலியப் பாரு"ன்னுட்டு எறங்கிட்டேன்.

செரி, நாமளே பாத்துக்கலாம்னு, ஒரு ஞாயித்துக்கெழமை உக்காந்தேன். ஆறாவது துளையோட ஓரத்தை உருட்டு அரத்துல லேசா இழைச்சேன், விரல் நல்லா உக்காரட்டும்னு. அப்புறம் டியூப்புக்குப் பஞ்சர் பாக்கறமுல்ல, அந்த மாதிரி, சோப்புத் தண்ணி கரைச்சு வெச்சுட்டு, "எல்லாத்தையும் மூடி ஊது"ன்னேன். ஊதுனா. துளைக்குத் துளை நுரையத் தொட்டு வெச்சேன். அஞ்சு துளையில ஒண்ணுமில்ல. ஆறாவதுல, அவ மோதிர விரலுக்கு அடியில, புளுக்கு புளுக்குன்னு கொப்புளம்!

"இங்க பாரு லீக்கு!"ன்னு எனக்கு ஒரே சந்தோசம். அந்த விரல் மடங்கி நின்னுச்சுங்க. துளைக்கு மேல நேரா உக்காராம, நுனி மட்டும் ஓரத்துல பட்டுட்டு நின்னுச்சு. "நேரா வெய்யி"ன்னேன். "நேராத்தானுங்க இருக்குது"ங்கறா. நான் அவ விரலைப் புடிச்சு அமுக்குனேன். துளை மேல அழுத்திப் புடிச்சுட்டு "இப்ப ஊது, இப்ப ஊது"ங்கறேன். ஊதுனா. வந்துச்சுங்க! அடி சுரம், கெணத்துச் சத்தம். நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சோம். இன்னும் அமுக்குனேன். அவ ஊதிட்டே இருக்கறா. கண்ணை மூடிட்டா.

அப்பத்தான் பாத்தேன், நுரை செவப்பா இருந்துச்சு.

நான் இழைச்ச எடத்துல ஒரு மூங்கில் செராய் நின்னிருக்குது. அது விரல்ல ஏறிருச்சு. நல்ல ஆழமா. நான் கையெடுத்தும் அவ ஊதறதை நிறுத்தலைங்க. ரத்தம் குழல் மேல ஓடி அவ மணிக்கட்டுக்கு வந்துருச்சு, அவ இன்னும் கண்ணை மூடிட்டு ஊதறா. சுரம் மட்டும் புஸ்ஸுன்னு போயிருச்சு, அதுல கண்ணைத் தொறந்தா.

கத்தலைங்க. எவ்வளவு நெஞ்சழுத்தம்னு அப்ப நான் நெனச்சேன். அவ குழலை மடியில வெச்சுட்டுக் கேட்டா, "இது ஆரு ரத்தமுங்க?"

"உன்னுதுதான். செராய் ஏறிருச்சு. வலிக்கலியா?"

அவ அதைப் புடுங்கிப் போட்டா, என்னவோ துணியில ஒட்டுன முள்ளை எடுக்கறாப்பல. அப்புறம் கையைத் தொடைச்சுட்டு எங்கிட்ட நீட்டுனா. "நான் கண்ணை மூடிக்கறேன். நீங்க ஒவ்வொரு விரலாத் தொடுங்க. எந்த விரல்னு நான் சொல்றேன்."

"இதென்ன வெளையாட்டு?"

"தொடுங்க."

கட்டவிரலைத் தொட்டேன். சொன்னா. ஆள்காட்டி விரல், சொன்னா. நடுவிரல், சொன்னா. மோதிர விரலைத் தொட்டேன்.

"தொடுங்க"ன்னா.

நான் தொட்டுட்டுத்தான் இருந்தேன். நகத்தை வெச்சு அழுத்துனேன்.

"ஏனுங்க, தொடுங்கன்னு சொல்றேன்."

சுண்டு விரலுக்குப் போனேன். அங்கயும் "தொடுங்க"ங்கறா. "போதும், கண்ணைத் தொற"ன்னேன். தொறந்து எங்கையப் பாத்தா. எங்கை அவ சுண்டு விரல் மேல இருந்துச்சு. ரொம்ப நேரம் அதையே பாத்துட்டிருந்தா. அதுக்கு முன்னால மாசத்துல ஒரு தடவை தோசைக்கல்லுல கையைச் சுட்டுக்குவா, கொப்புளம் வந்தப்புறந்தான் எனக்கே காட்டுவா. கவனமில்லைன்னு நான் திட்டுவேன். முழங்கைக்குப் பக்கத்துல வெளுப்பா ஒரு தேமல் இருந்துச்சு, நாந்தான் களிம்பு வாங்கித் தந்தேன். அதெல்லாம் அவளுக்கு அன்னைக்கு ஒண்ணாச் சேந்து வந்திருக்குமாட்ட இருக்குது.

பெரியாஸ்பத்திரிக்கு அவளை நிவேதாதான் கூட்டிட்டுப் போச்சு. எனக்குப் பட்டறையில ஒரு அவசர மோட்டாரு. போயிட்டு வந்து இவ செருப்பைக் கூடக் கழட்டல, வாசப்படியிலயே நின்னுட்டுச் சொன்னா. நீங்க கொஞ்சம் கிட்ட வாங்க தம்பி, பஸ்ஸுல சத்தமாச் சொல்ல முடியாது. "தொழுநோய்ங்க. குஷ்டம்னு சொல்லுவோமே, அதுதான். நரம்பைப் புடிச்சிருக்குதாம்."

நான் எந்திருச்சு மொதல்ல ஜன்னலைச் சாத்துனேன்.

அவ சொல்லிட்டே இருக்கறா. ஒரு வருசம் மாத்திரையாம், சும்மாவே தராங்களாம். மாத்திரை ஆரம்பிச்சுட்டா அடுத்தவங்களுக்கு ஒட்டாதாம். எல்லாருக்கும் அப்படி லேசுல தொத்தறதும் இல்லியாம். குணமாயிருமாம், விரல்ல உணர்ச்சி திரும்பறது மட்டும் உறுதியில்லியாம், சீக்கிரமா வந்ததுனால மத்த விரல் தப்பிச்சுதாம். "அந்தக் குழல் இல்லீன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க"ன்னா. கவனிச்சீங்களா? குழல்ங்கறா. சோப்புத் தண்ணி போட்டுப் பாத்தது நானு. கண்டுபுடிச்சது நானு. அதை இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் சொல்றதில்ல.

நான் வியாதியக் கண்டு மூஞ்சி சுளிக்கற ஆளு இல்லீங்க. படிச்ச டாக்டர் ஒட்டாதுன்னா ஒட்டாது. நான் ஏதாச்சும் சொன்னேனா? ஒரு வார்த்தை சொல்லல. அவளுக்குன்னு புதுசா ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சொம்பு வாங்கியாந்தேன். நல்ல கனமான எவர்சில்வரு. மாறிறக்கூடாதுன்னு 'த'ன்னு பேரு வெட்டிக் கொண்டாந்தேன். வாங்கிப் பாத்துட்டு, "நல்லாருக்குதுங்க"ன்னுதான் சொன்னா. நான் ஆசாரத்துல, அதாங்க முன்கூடத்துல, படுக்க ஆரம்பிச்சது ஃபேனுக்காக. உள் ரூம் ஃபேனு அந்தச் சமயத்துல சத்தம் போடும். நானே காயில் கட்டறவன், கழட்டிப் பாத்திருக்கலாம்தான். நேரம் அமையல.

எம் பயமெல்லாம் வேறங்க. இலக்கியாவுக்கு ஜாதகம் எடுத்தாச்சு. கோபியில ஒரு நல்ல எடம். பையன் பெங்களூர்ல வேலை, நெலம் நீச்சு இருக்குது. இந்தச் சேதி வெளிய போச்சுன்னா என்னாகும்? வீட்டுல தெரிஞ்சது நாங்க ரெண்டு பேரு. புள்ளைக்குக் கூடப் படிப்பு முடியட்டும்னு சொல்லல. மூணாவது ஆளு நிவேதா. நான் அந்தப் புள்ளைய மரியாதையாக் கூப்புட்டு, மாடியில ஒழுகுது, இடிச்சுக் கட்டணும், வேற வீடு பாத்துக்கம்மிணின்னேன். அது தலையாட்டுச்சு. சாயங்காலம் இவ வந்து எதுக்க நின்னா.

"மாடி ஒழுகுதுங்களா?"

"ஆமா."

"எங்க ஒழுகுதுன்னு காட்டுங்க."

"தமயந்தி, அந்தப் புள்ள வெளிய சொல்லிருச்சுன்னா..."

"வீடு எங்கப்பா எம்பேர்ல எழுதுனதுங்க. நிவி இருக்கும்."

கல்யாணமாகி இத்தனை வருசத்துல அப்படிப் பேசுனதே இல்ல அவ. கொரல் ஏறல, எறங்கல. அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள நடக்கறதே கம்பி மேல நடக்கறாப்பல ஆயிருச்சு. அவ மாத்திரை போடுவா, கை எண்ணெயில ஊறப் போட்டு விரலை ஒவ்வொண்ணா நீவி நீட்டுவா, அப்புறம் மாடிக்குப் போயிருவா. அந்த மாத்திரையால உடம்பு கறுத்துட்டே வந்துச்சு. ஆரு கேட்டாலும் வெயில்னு சொல்லுன்னேன். அவ அப்படிச் சொல்றதில்ல, சிரிச்சுட்டுப் போயிருவா. எப்ப எங்க என்ன சொல்லிருவாளோன்னு நான் கல்யாண வீடு, எழவு வீடு எதுக்கும் அவளைக் கூட்டிட்டுப் போறதையே உட்டுட்டேன்.

தை மாசம் கோபிக்காரங்க பொண்ணு பாக்க வந்தாங்க. பையன், அவங்கப்பா, அம்மா. இலக்கியா திருச்சியில இருந்து வந்திருந்துச்சு. நான் எல்லாந் தயார் பண்ணிட்டேன். தமயந்திகிட்ட, "நீ காப்பி கொண்டாந்து வெச்சுட்டு உள்ள போயிரு, உடம்பு செரியில்லைன்னு சொல்லிக்கறேன்"ன்னேன். செரின்னா.

பேச்செல்லாம் நல்லாத்தான் போச்சு. பையனோட அம்மாவுக்கு எங்க இருந்து கண்ணுல பட்டுச்சோ, அலமாரி மேல இருந்த குழலைப் பாத்துருச்சு. "இது ஆரு ஊதறது?" இலக்கியா சும்மா இருக்குமா, "எங்கம்மாங்க! நல்லா ஊதுவாங்க"ன்னு அவளைக் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துருச்சு. அந்தம்மா, "ஒரு பாட்டு ஊதுங்க, கேப்போம்"ங்குது.

இவ ஊதுனா. நல்லாத்தான் ஊதுனா. மேல போறா, சுத்தறா, எல்லாரும் தலையாட்டறாங்க. அந்தப் பாட்டு முடியறப்ப கீழ எறங்கும்னு எனக்குத் தெரியும். தெனம் கேக்கறவனுக்குத் தெரியாதா? எறங்கறா, எறங்கறா, ஒவ்வொரு விரலா உழுகுது. கடைசி விரல் உழுந்துச்சு. புஸ்ஸு.

மறுபடி முயற்சி பண்ணுனா. புஸ்ஸு.

பையனோட அப்பா சிரிச்சுட்டு, "காத்து எறங்கிருச்சாட்ட இருக்குது"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நான் சட்டுனு, "அந்தக் குழல் அவ்வளவுதானுங்க. அதுக்குக் கீழ அதுல சுரமே கெடையாது"ன்னேன். நல்லபடியா முடிஞ்சிருக்கும், தம்பி. அந்தாளு செரின்னு தலையாட்டிட்டார். அதோட முடிஞ்சிருக்கும்.

இவ குழலை மடியில வெச்சா. "குழல்ல இருக்குதுங்க. எங்கையிலதான் இல்ல"ன்னா.

"தமயந்தி, உள்ள போ."

"எனக்குத் தொழுநோய் வந்துச்சுங்க. மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கறேன். ஒட்டாது. இந்த ரெண்டு விரல்ல உணர்ச்சி இல்ல. பொண்ணு குடுக்கற வீட்டுல இதை மறைக்கக் கூடாதுன்னு சொல்றேன்."

பையனோட அப்பா கையில காப்பி டம்ளர் இருந்துச்சு. அதை ஒரு தடவை பாத்தார். மெதுவாக் கீழ வெச்சார். பாதிக் காப்பி இருந்துச்சு அதுல. அந்தம்மா மட்டும், "டாக்டர் சொல்றபடி சாப்பிடுங்க"ன்னு இவகிட்டச் சொல்லிட்டு எந்திருச்சுது. மரியாதையாத்தான் போனாங்க. ரெண்டு நாள் கழிச்சு, ஜாதகத்துல என்னமோ இடிக்குதுன்னு தரகர்கிட்டச் சொல்லி உட்டாங்க.

அவங்க கார் போனதும் இலக்கியா அம்மாவைக் கட்டிப் புடிச்சுட்டு நின்னுச்சு. ரொம்ப நேரம். எங்கிட்டச் சொல்லலியேன்னு ஒரே அழுகை. நான் வெளிய நின்னு பல்லைக் கடிச்சுட்டிருந்தேன். அப்புறம் சாப்பிட உக்காந்தோம். புள்ள அலமாரியில இருந்து தட்டு எடுத்துச்சு. 'த'ன்னு வெட்டியிருக்கறதைப் பாத்துச்சு. டம்ளரைத் திருப்பிப் பாத்துச்சு, அதுலயும் 'த'. சொம்பு தனியா ஒரு மூலையில இருந்துச்சு. உள் ரூமை எட்டிப் பாத்துச்சு, ஆசாரத்துல சுருட்டி வெச்ச எம் பாயைப் பாத்துச்சு.

"அப்பா, அந்தாளு டம்ளரைக் கீழ வெச்சாருன்னு எனக்கு வருத்தமே இல்ல. அவர் யாரோ. நீங்க எத்தனை மாசமாக் கீழ வெச்சிருக்கீங்க?"

இதென்ன பேச்சுங்க? நான் எங்க டம்ளரைக் கீழ வெச்சேன்? நான் அவளுக்கு வாங்கியில்ல குடுத்தேன்! அதைச் சொன்னேன். அன்னைக்குப் பொழுதோட தமயந்தி ரெண்டு சீலையும் குழலும் எடுத்துட்டு மாடிக்குப் போயிட்டா. சண்டையில்ல, சத்தமில்ல. காலையில வந்து சோறாக்கி வெச்சுட்டுத்தான் போவா. கேக்கறவங்ககிட்ட, குழல் பழகறதுக்கு வசதின்னு நான் சொல்லிக்கறேன்.

இலக்கியா படிப்பு முடிச்சு கோயமுத்தூருக்கு வேலைக்கு வந்துருச்சு. வாரா வாரம் ஈரோட்டுக்கு வரும், நேரா மாடிக்குப் போயிரும்.

போன மாசம் தமயந்திக்கு மாத்திரை முடிஞ்சுதுங்க. இனி வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாராம். அதையும் நான் நிவேதா சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். விரல் கொஞ்சம் நீண்டிருக்குது, உணர்ச்சி வரல. ஆனா அவ விடலைங்க. விரலுக்குத் தெரியலைன்னா காதை வெச்சுப் பழகிட்டாளாமா. காத்து ஒழுகற சத்தத்தைக் கேட்டுக் கேட்டே விரலை ஒரு மயிரிழை நகத்துவாளாமா. தெனம் அந்த ஒரே சுரம். கீழ உக்காந்துட்டு நான் கேட்டுட்டே இருப்பேன். புஸ்ஸு. புஸ்ஸு. நான் கையில சோத்தை வெச்சுட்டு உக்காந்திருப்பேன்.

ஒரு நாள் சாயங்காலம், வந்துருச்சுங்க.

கும்முன்னு. அதே கெணத்துச் சத்தம். நான் அமுக்காம, ஆரும் அமுக்காம. நீ...ளமா வந்துச்சு. நின்னுச்சு. மறுபடி வந்துச்சு. என்னால உக்காந்திருக்க முடியல தம்பி. கையைக் கூடக் கழுவாம எந்திருச்சுப் பாதிப்படி ஏறுனவன், அப்புறந்தான் எறங்கிப் போயிக் கழுவிட்டு ஏறுனேன். அவ மாடிக்குப் போனதுக்கப்புறம் நான் அந்தப் படியேறுனது அன்னைக்குத்தான்.

கதவு தொறந்திருந்துச்சு. நிவேதாவும் இலக்கியாவும் தரையில உக்காந்திருந்தாங்க. இவ என்னைப் பாத்ததும் சிரிச்சா. நெசமான சிரிப்புங்க, கல்யாணமான புதுசுல சிரிப்பாளே, அந்த மாதிரி.

"கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு."

"குழல்ல இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"இருக்குது"ன்னேன். எனக்கும் சிரிப்பு வந்துருச்சு.

"இந்தாங்க, நீங்க ஒரு தடவை ஊதிப் பாருங்க. நான் விரல் வெக்கறேன், நீங்க ஊதுங்க. ரெண்டு பேருமாப் பண்ணலாம்."

குழலை நீட்டுனா. நான் பக்கத்துல போயி உக்காந்தேன். வாங்குனேன். ஊதற துளை ஈரமா இருந்துச்சு. தோள்ல துண்டு கெடந்துச்சு. எடுத்து அந்தத் துளையத் தொடைச்சேன்.

தொடைச்சேன், அவ்வளவுதானுங்க. ரெண்டு தடவை தொடைச்சிருப்பேன். ஆரா இருந்தாலும் தொடைச்சுட்டுத்தானுங்களே வாயில வெப்பாங்க? இப்ப உங்க தண்ணி பாட்டலைக் குடுங்க, நான் தொடைச்சுட்டுத்தான் குடிப்பேன், நீங்க தப்பா எடுத்துக்குவீங்களா?

நான் நிமுந்தப்ப ஆரும் சிரிக்கலைங்க. இலக்கியா எந்திருச்சு ஜன்னல்கிட்டப் போயிருச்சு. தமயந்தி எங்கையில இருந்து குழலை வாங்கிட்டா. புடுங்கலைங்க, மெதுவாத்தான் வாங்கினா.

"பரவால்லீங்க. சோறு ஆறிரும். நீங்க கீழ போங்க"ன்னா.

நான் வந்துட்டேன்.

அதுக்கப்புறமும் அந்தக் கதவைச் சாத்தறதில்லைங்க அவ. பட்டறையில இருந்து வரப்ப அண்ணாந்து பாத்தாத் தெரியும், தொறந்துதான் கெடக்கும், உள்ள வெளிச்சம் இருக்கும். வரக்கூடாதுன்னு ஒரு வார்த்தை அவ சொன்னதில்ல. காலையில சோறாக்கறா, கொழம்பு வெக்கறா. சாயங்காலம் ஊதறா. உச்சியில ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா எறங்கி எறங்கி வருவா. அடி சுரத்துக்குப் பக்கத்துல வரப்ப நான் போயி மாடிப்படிக்குக் கீழ நின்னுக்குவேன். கைப்பிடிக் கம்பியப் புடிச்சுட்டு. மொதப்படியில கால வெச்சுட்டு. அது தப்பாம வந்துரும். நல்லா நீளமா வரும். முடியற வரைக்கும் நிப்பேன், முடிஞ்சதும் உள்ள போயிருவேன்.